பங்கஸா, குளூட்டனா? பாண், ரொட்டி சாப்பிட்டு வயிறு ஊதுபவர்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். கொஞ்சக் காலமாக ஒரே சந்தேகம் பலர் வாயிலிருந்து வருகிறது. "வயிறு ஊதுது மிஸ், பங்கஸுக்கு ஒரு குளுசை தாங்க" என்று ஒருவர் வருவார். "குளூட்டன் இல்லாத மா இருக்கா?" என்று அடுத்தவர் கேட்பார். விசாரித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் அதே ஊதல், அதே களைப்பு. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து ஒருவர் பங்கஸ் என்றும் மற்றவர் குளூட்டன் என்றும் முடிவு கட்டியிருப்பார்.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நோயைக் கண்டுபிடிப்பது டொக்டரின் வேலை. அவரிடம் போகும் முன் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டெஸ்ட் எடுக்கும் வரை ரொட்டியையும் பாணையும் நிறுத்த வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மிஸ், பங்கஸ், குளூட்டன்னு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணா?

இல்லை. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் இருக்கும் புரதம். மாவைப் பிசையும்போது இழுபட்டு வருகிறதே, அந்தப் பிசுபிசுப்பைத் தருவது அதுதான். அதற்கு உயிர் கிடையாது, உடம்புக்குள் வளரவும் செய்யாது. சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுவதால் பிரச்சினை வருகிறது.

இங்கே பங்கஸ் என்று சொல்வது கேன்டிடா என்ற ஈஸ்ட் வகையை. அது உயிருள்ளது, பெருகக்கூடியது. ஒன்று நாம் சாப்பிடுகிற பொருள், மற்றது நம்மோடு வாழ்கிற கிருமி. அதனால் கண்டுபிடிக்கும் வழியும் வேறு, வைத்தியமும் வேறு.

குரக்கன்ல, அரிசில குளூட்டன் இருக்கா?

இல்லை. அரிசி, குரக்கன், சோளம், பயறு, உளுந்து, கடலை, மரவள்ளி, வத்தாளை, பலாக்காய், ஈரப்பலா எதிலும் கிடையாது. கோதுமை மா, ஆட்டா மா, ரவை, சேமியா, நூடுல்ஸ், பாண், பிஸ்கட், பராட்டா, ரோல்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. ஆட்டா மா வேறு சாமான் என்று நினைத்து மாறுபவர்கள் இருக்கிறார்கள். அது தவிட்டோடு அரைத்த கோதுமைதான். பார்லியில் செய்வதால் மோல்ட் கலந்த பானங்களிலும் குளூட்டன் இருக்கிறது.

உடம்புல பங்கஸ் இருக்குன்னா அது நோய்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. நல்ல சுகமாக இருப்பவர்கள் பலருடைய வாயிலும் குடலிலும் கேன்டிடா கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. கூட வாழும் பக்டீரியாக்களும் நம் நோய் எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தக் கட்டு தளரும்போதுதான் அது பெருகி நோயாகிறது. பலமான அன்டிபயோடிக் குடித்த பிறகு, சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதபோது, கர்ப்ப காலத்தில், ஸ்டீரொயிட் பாவிக்கும்போது, பொய்ப்பல் கட்டியவர்களுக்கு, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இப்படி நடக்கும்.

மழையில் நனைந்த பூட்ஸோடு நாள் முழுக்கக் கொழுந்து எடுப்பவர்களுக்குக் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் பங்கஸ்தான், ஆனால் பெரும்பாலும் வேறு இனம். அது தோலின் மேற்பரப்போடு நிற்பது. "காலில் வந்திருச்சு, அப்ப உள்ளேயும் பரவியிருக்கும்" என்று பயப்படத் தேவையில்லை. காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கிரீம் பூசினால் போதும்.

ரெண்டுக்கும் ஒரே அறிகுறின்னு போட்டிருக்காங்க. அப்ப எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஊதல், வாயு, களைப்பு, தலைப்பாரம், மூளை மந்தம் என்று இரண்டுக்கும் ஒரே பட்டியலைப் போடுகிறார்கள். அந்தப் பட்டியலை வைத்து எதையும் பிரிக்க முடியாது. இரவு நித்திரை இல்லாதவருக்கும், ரத்தம் குறைந்தவருக்கும், தைரொயிட் குறைந்தவருக்கும், மனக்கவலை உள்ளவருக்கும் அதே பட்டியல் பொருந்தும்.

பங்கஸ் பெருகினால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தெரியும். வாய்க்குள் தயிர் ஒட்டினாற்போல வெள்ளைப் படலம், அதைத் துடைத்தால் கீழே சிவந்த தோல். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் கடும் அரிப்பும் திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதலும். மார்புக்குக் கீழே, தொடை இடுக்கில், சின்னப் பிள்ளைகளுக்கு நெப்கின் கட்டும் இடத்தில் சிவந்து ஈரமான புண். உணவுக்குழாயில் வந்தால் விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலிக்கும். அது எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வருவது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

குளூட்டனால் வரும் முக்கியமான நோய் சீலியாக். அதில் சிறுகுடலின் உள்சுவர் தேய்ந்துபோவதால் சத்து உடம்பில் சேராது. நாட்பட்ட வயிற்றோட்டம், நாற்றமடிக்கும் கொழுப்பு மலம், மெலிவு, இரும்புக் குளுசைக்கு அசையாத ரத்தச் சோகை, அடிக்கடி வாய்ப்புண், எலும்பு பலமிழத்தல், பிள்ளைகள் வளராமல் நிற்பது எல்லாம் வரலாம். சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ரத்தக் குறைவு மட்டும் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால் பங்கஸுக்கு வாயையும் தோலையும் பார்க்க வேண்டும், சீலியாக்குக்கு நிறையையும் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். வெறும் ஊதல் இரண்டில் எதையும் காட்டிக்கொடுக்காது.

பாண், ரொட்டியை நிறுத்தினேன், வயிறு சரியாயிருச்சு. அப்ப குளூட்டன்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குளூட்டன் வேண்டாம் என்று விடுபவரும் பாணை விடுகிறார். பங்கஸ் டயட் பிடிப்பவரும் பாணை விடுகிறார், கூடவே பிஸ்கட், கேக், பால்தேத்தண்ணி, சீனி எல்லாம் போகிறது. இரண்டு பேருக்கும் வயிறு இலேசாகிறது. ஒருவர் "எனக்குக் குளூட்டன்" என்கிறார், மற்றவர் "எனக்குப் பங்கஸ்" என்கிறார். செய்த காரியம் ஒன்றுதான். அதை வைத்து இந்த இரண்டு முடிவுக்கும் வர முடியாது.

கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை. பிரக்டன் என்ற மாச்சத்தும் இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பக்டீரியாக்கள் அதை உடைக்கும்போது காற்று உண்டாகும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ளதும் அதே பிரக்டன். பிறகு, பாணை நிறுத்தியவர்கள் அதோடு சேர்த்துப் பாவித்த மாஜரீனையும், பருப்புக் கறியையும், மாப்பால் போட்ட தேத்தண்ணியையும் குறைத்திருப்பார்கள். நம் ஆட்களில் பெரியவர்கள் பலருக்குப் பால் சீனியான லக்டோஸ் சரியாகச் செரிக்காது. எது போய்ச் சுகம் வந்தது என்று யார் சொல்ல முடியும்?

பாண் சாப்பிட்டா ஊதுது, ரொட்டி சாப்பிட்டா ஒண்ணுமில்ல. பாண்ல போடுற ஈஸ்ட்தான் காரணமோ?

இது நல்ல கேள்வி. தோட்டத்து ரொட்டியில் கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணி, அவ்வளவுதான். ஈஸ்ட் இல்லை. ஆனால் குளூட்டன் பாணில் இருப்பதுபோலவே இருக்கிறது. ஒரு கனமான ரொட்டியில் இரண்டு துண்டுப் பாணை விட மா அதிகம் போகும். அதனால் ரொட்டி ஒத்துக்கொண்டு பாண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஊதலுக்குக் குளூட்டன் காரணம் என்று சொல்வது கஷ்டம்.

அதற்காக ஈஸ்டைப் பிடிக்கவும் வேண்டாம். பேக்கரி ஈஸ்ட் வேறு இனம், கேன்டிடா வேறு இனம். பேக்கரி ஈஸ்ட் போறணைச் சூட்டில் செத்துவிடும். பாண் தின்று கேன்டிடா பெருகாது. பாணோடு என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த நேரம், எவ்வளவு வேகமாக என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இரவில் பருப்புக் கறியோடு அரை இறாத்தல் பாண் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவருக்குக் காற்று பிடிப்பதில் அதிசயமில்லை.

காலையில ஒரு தம்ளர் தண்ணில எச்சில் துப்பினேன். நூல் நூலா கீழே இறங்குது. அது பங்கஸ்னு சொல்றாங்களே?

அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இரவில் வாய் காய்ந்திருந்தால் எச்சில் தடிப்பாக இருக்கும், தடிப்பான எச்சில் கீழே இறங்கும். அதைப் பார்த்துக் குளுசை வாங்க வராதீர்கள்.

நாக்கு வெள்ளையா இருக்கு, மிஸ். பங்கஸ் சொட்டு மருந்து தாங்க.

முதலில் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். சுத்தமான துணியை விரலில் சுற்றி, நனைத்து, மெதுவாகத் துடையுங்கள். நாக்கின் மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டும் என்றால் அது பெரும்பாலும் சாதாரணமானது. காய்ச்சலிலும் தண்ணி குறைவாகக் குடிக்கும்போதும் கூடும். கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, துடைத்தால் உரிந்து, கீழே சிவந்து எரிந்தால் கேன்டிடாவாக இருக்கலாம். நம் மலைக் குளிரில் இளைப்புக்கு இன்ஹேலர் இழுப்பவர்கள் நிறைய. ஸ்டீரொயிட் இன்ஹேலர் இழுத்த பிறகு ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அதைச் செய்யாததால் வாயில் பங்கஸ் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை துடைத்தும் வரவில்லை என்றால் அதைப் பங்கஸ் என்று நினைத்து மருந்து பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வரும் இந்த வெள்ளைத் திட்டு புற்றுநோய்க்கு முந்திய கட்டமாக இருக்கலாம். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்பது வாய்ப்புற்றுநோய். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்பு, வாய் திறக்க முடியாமல் இறுகுவது, இதில் எது இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே காசு வாங்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்.

எனக்குத் திரும்பத் திரும்ப வெள்ளைப்படுது, அரிப்பு. சாப்பாட்டை மாத்தினா போகுமா?

சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். ஒரு வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். சீனி வருத்தம் இருப்பதே இப்படித்தான் சிலருக்குத் தெரிய வருகிறது. அடுத்தது அன்டிபயோடிக். தடிமனுக்கெல்லாம் அமொக்சிசிலின் வாங்கிக் குடிப்பவர்களுக்கு, அது முடிந்த கையோடு அரிப்பு தொடங்கும். தடிமன் வைரஸால் வருவது, அதற்கு அன்டிபயோடிக் வேலை செய்யாது.

எல்லா வெள்ளைப்படுதலும் பங்கஸ் இல்லை. மீன் வாடை அடித்தாலும், மஞ்சள் பச்சையாக இருந்தாலும், அடிவயிறு வலித்தாலும் அது வேறு தொற்று, மருந்தும் வேறு. கர்ப்பமாக இருப்பவர்கள் புளுகொனசோல் என்ற பங்கஸ் குளுசையைத் தாங்களாகக் குடிக்கவே கூடாது. உள்ளே வைக்கும் மருந்து இருக்கிறது, டொக்டரோ மிட்வைஃபோ சொல்வார்கள். குளூட்டனுக்கும் இந்த அரிப்புக்கும் சம்பந்தம் இல்லை. ரொட்டியை விட்டால் இது போகாது.

முழங்கையில, முழங்கால்ல சின்னச் சின்னக் கொப்புளம். பங்கஸ் கிரீம் பூசியும் போகல. ஏன்?

சிரங்கு, ஒவ்வாமை, எக்ஸிமா என்று பல காரணம் இருக்கலாம். சீலியாக்கின் தோல் வடிவமும் ஒன்று உண்டு. இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இடுப்புக்குக் கீழ்ப் பின்பக்கம் என்று இருபுறமும் ஒரே மாதிரி வந்து, தாங்க முடியாமல் அரிக்கும். ஆசியாவில் இது அபூர்வம். ஆனாலும் கிரீமுக்குப் போகாத, இருபுறமும் ஒரேபோல வரும் கொப்புளத்தைத் தோல் கிளினிக்கில் காட்டுவது நல்லது. ஸ்டீரொயிட் கலந்த கிரீமை வாங்கி மாதக்கணக்கில் பூச வேண்டாம். அரிப்பு அடங்கும், உண்மையான பங்கஸ் இருந்தால் வெளியே தெரியாமல் தோலில் பரவும்.

ரத்தம் குறைவுன்னு இரும்புக் குளுசை குடிக்கிறேன், ஏறவே இல்ல. சீலியாக்கா?

அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. குளுசையைச் சாயத்தண்ணியோடு குடிக்கிறீர்களா? தேயிலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் குளுசைக்கும் முன்பின் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி இல்லாமல் இருங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் இன்னும் நல்லது. அப்புறம் மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எடுத்து எவ்வளவு நாள், மூல வியாதியில் ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும், ஒழுங்காகக் குடித்தும் ஏறவில்லை என்றால் "சீலியாக்குக்கும் ஒருக்காப் பார்க்கலாமா?" என்று டொக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

வாய் ஓரம் வெடிப்பதும் இங்கே சேரும். இரும்பு குறைந்தாலும் வெடிக்கும், கேன்டிடாவாலும் வெடிக்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. கிரீம் பூசி ஆறி, திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தைப் பாருங்கள்.

சீலியாக் எல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்றதாமே. நம்ம சனத்துக்கு வருமா?

வரும். உலக அளவில் நூறு பேரில் ஒருவர் என்று கணக்கு. இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் செய்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேர் அளவிலும் தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவிலும் சீலியாக் கண்டார்கள். சீலியாக் வர இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பெரிய வித்தியாசம் கோதுமையில்தான், தெற்கே சாப்பிடுவது மிகக் குறைவு.

நம் முன்னோர் வந்தது தமிழ்நாட்டிலிருந்து. ஆனால் நம் சாப்பாடு அவர்களுடையது மாதிரி இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் மா கொடுத்துச் சம்பளத்தில் கழித்தார்கள். காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, பல வீடுகளில் இரவும் ரொட்டி. அதனால் தென்னிந்தியாவின் சிறிய எண்ணிக்கையைக் காட்டி "நமக்கு வராது" என்று சும்மா இருப்பது சரியில்லை என்பது என் எண்ணம். அதேநேரம் ஊதல் வந்தவர்களெல்லாம் சீலியாக்காரர்களும் இல்லை.

என்ன டெஸ்ட் எடுக்கணும்?

முதல் டெஸ்ட் ரத்தத்தில். டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐ.ஜி.ஏ. என்று பெயர், சுருக்கமாக டி.டி.ஜி. என்பார்கள். கூடவே ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருளின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். சிலருடைய உடம்பில் பிறப்பிலேயே அது குறைவு. அப்படி இருந்தால் சீலியாக் இருந்தும் முதல் டெஸ்ட் "இல்லை" என்று பொய் சொல்லும். டி.டி.ஜி. கூடியிருந்தால் குழாய் விட்டுச் சிறுகுடலின் தொடக்கத்தில் சின்னத் துணுக்குகள் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதி செய்வார்கள். எல்லா இடத்திலும் இந்த ரத்தப் பரிசோதனை செய்வதில்லை. தோட்ட வைத்தியரிடமோ பக்கத்து ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யிலோ கேட்டால் நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். நேரே தனியார் ஆய்வுகூடத்துக்குப் போவதற்கு முன் அந்தக் கடிதத்தை வாங்குங்கள்.

பங்கஸுக்கு அந்த மாதிரி ஒரே ரத்தப் பரிசோதனை கிடையாது. வாயோ, தோலோ, வெள்ளைப்படுதலோ, எந்த இடத்தில் சந்தேகமோ அங்கே சுரண்டி எடுத்துப் பார்ப்பார்கள். மலத்தில் ஈஸ்ட் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் பதற வேண்டாம், நல்ல சுகமாக இருப்பவர்களின் மலத்திலும் இருக்கும். நூறு சாப்பாட்டுச் சாமான்களுக்கு ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்ற விளம்பரங்களை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம். ஐ.ஜி.ஜி. நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று காட்டும், ஒத்துக்கொள்ளவில்லை என்று காட்டாது.

நான் ஏற்கனவே ரொட்டி, பாணை விட்டுட்டேன். இப்ப டெஸ்ட் எடுக்கலாமா?

எடுத்தால் ஒன்றுமில்லை என்று வரலாம், அது உண்மையாகவும் இருக்காது. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் எதிர்ப்புப் பொருள் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். டெஸ்டுக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமைச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது பிரித்தானிய வழிகாட்டல். ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். காலையில் ரொட்டியும் மாலையில் இரண்டு துண்டுப் பாணும் என்றால் போதும்.

திரும்பத் தொடங்கியதும் தாங்க முடியாத வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எச்.எல்.ஏ. மரபணுப் பரிசோதனை ஒரு வழி. அதில் டி.கியூ.2, டி.கியூ.8 என்ற இரண்டு மரபணு வகைகளும் இல்லை என்று வந்தால் சீலியாக் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது, நோயே இல்லாத ஏராளமானோருக்கும் அந்த மரபணு உண்டு. இந்த மரபணுப் பரிசோதனைக்குக் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சு. ஆனாலும் கோதுமை ஒத்துக்கல. பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க.

நீங்கள் பொய் சொல்லவில்லை. சீலியாக் இல்லாமலும் கோதுமை சிலருக்குத் தொந்தரவு செய்கிறது, மருத்துவம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதில் குற்றவாளி குளூட்டனா என்பதில் சந்தேகம் இருக்கிறது. 2018இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், தாங்களாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மூன்று விதமான தானியத் தின்பண்டக் கட்டிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். குளூட்டன் கலந்ததை விடப் பிரக்டன் கலந்ததுதான் அதிகம் ஊத வைத்தது. அதனால் உங்களுக்கு வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்ட கறியும் ஊதுகிறதா என்று கவனியுங்கள். ஊதினால் கோதுமையை முழுக்க ஒதுக்கத் தேவையில்லை, அளவைக் குறைத்தாலே பலருக்குப் போதும்.

சாப்பிட்டுச் சில நிமிடத்தில் அல்லது ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் அது கோதுமை ஒவ்வாமை. அது வேறு, ஆபத்தானது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாரும் நினைத்துப் பார்க்காதது. பீலித் தண்ணியையும் ஊற்றுத் தண்ணியையும் கொதிக்க வைக்காமல் குடிக்கிறோம். அதில் ஜியாடியா என்ற கிருமி வரலாம். வயிறு ஊதும், நாற்றமடிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு மலம் போகும், வாரக்கணக்கில் இழுக்கும், மெலிய வைக்கும், பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகும். அப்படியே சீலியாக் மாதிரி. ஒரு மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. குளூட்டன் என்று நினைத்து ரொட்டியை விட்டவர்களில் சிலர் முதலில் பார்த்திருக்க வேண்டியது தண்ணியைத்தான்.

பங்கஸ் டயட்னு சீனி, பழம், பாண், பால், புளிச்ச மா எல்லாத்தையும் விடச் சொல்றாங்க. பிடிக்கலாமா?

வேண்டாம் என்பேன். ஊதல், களைப்பு, ஞாபக மறதி எல்லாவற்றுக்கும் உடம்பு முழுக்கப் பரவிய ஈஸ்டே காரணம் என்ற எண்ணம் 1980களில் அமெரிக்காவில் பிரபலமானது. அதைச் சோதிக்க 42 பெண்களுக்கு நிஸ்டடின் என்ற பங்கஸ் மருந்தும் பொய் மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. பிறப்புறுப்புத் தொந்தரவு நிஸ்டடினில் நன்றாகக் குறைந்தது. களைப்பு, மனச்சோர்வு போன்ற மற்றவை பொய் மருந்திலும் அதே அளவு குறைந்தன.

சீனியைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் மலையில் ஏறி இறங்கி வேலை செய்யும் பெண் பழத்தையும் பாலையும் தோசையையும் சேர்த்து விட்டால் மிஞ்சுவது என்ன? ஏற்கனவே ரத்தம் குறைந்த உடம்பு இன்னும் இளைக்கும். சீனி வருத்தத்துக்குக் குளுசை குடிப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம்.

அப்ப வயித்துக்குள்ள பங்கஸ் பெருகவே பெருகாதா?

பெருகும், ஆனால் அதை வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சிறுகுடலில் பங்கஸ் கூடி ஊதலும் வயிற்றோட்டமும் வருவதை வைத்தியர்கள் விவரித்திருக்கிறார்கள். குடலின் அசைவு குறைந்தவர்களிலும், அமிலம் குறைக்கும் மருந்தை நீண்ட காலம் எடுப்பவர்களிலும் பார்த்திருக்கிறார்கள். உறுதி செய்ய எண்டோஸ்கோப்பிக் குழாயால் சிறுகுடல் நீரை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குக் குடல் வைத்திய நிபுணர் தேவை. "எதுக்கும் ஒரு பங்கஸ் குளுசை போட்டுப் பார்ப்போம்" என்று புளுகொனசோலை வாங்கிக் குடிப்பது ஈரலைப் பாதிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் வார்பரினோடும், கொலஸ்ட்ரோல் குளுசைகள் சிலவற்றோடும் அது மோதும்.

பிள்ளை சாப்பிடுது, ஆனா நிறை ஏறல. மா சாப்பாட்டை நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். பிள்ளையின் வளர்ச்சி அட்டையை எடுத்துக்கொண்டு மிட்வைஃபிடம் போங்கள். கோடு எந்த மாதத்தில் படுத்தது, அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று அவர் பார்ப்பார். திட உணவு தொடங்கி, பிஸ்கட்டும் ரொட்டியும் கொடுக்க ஆரம்பித்த பிறகு கோடு படுத்து, வயிறு மட்டும் உப்பி, கை கால் மெலிந்து, மலம் அதிகமாகப் போனால் சீலியாக்கையும் நினைக்க வேண்டும். பூச்சி, ஜியாடியா, போதாத சாப்பாடு எல்லாம் அதற்கு முன் பார்க்க வேண்டியவை. குடும்பத்தில் ஒருவருக்குச் சீலியாக் உறுதியானால் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டும். அவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அது இருக்கும்.

சீலியாக்னு உறுதியாயிருச்சு. லயத்துல ஒரே அடுப்பு, ஒரே ரொட்டிக்கல்லு. நான் என்னத்தைச் சாப்பிடுறது?

சோறு இருக்கிறது, அதுவே பெரிய ஆறுதல். குரக்கன் ரொட்டி, மரவள்ளிக் கிழங்கும் சம்பலும், பயறு, பலாக்காய் என்று நம் சமையலில் வழி நிறைய இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் விலை கூடிய "குளூட்டன் இல்லாத" பிஸ்கட் தேவையில்லை. குரக்கன் மாவைக் கடையில் அரைத்து வாங்கும்போது, அதே மில்லில் கோதுமையும் அரைக்கிறார்களா என்று கேளுங்கள். குரக்கனை வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரைப்பது பாதுகாப்பு.

கண்ணுக்குத் தெரியாத கோதுமைதான் ஆளை விழுத்தும். கடை இடியப்பத்திலும் பிட்டிலும் அரிசி மாவோடு கோதுமை மா கலப்பார்கள். நம் நாட்டில் தோசை மாவிலும் அப்ப மாவிலும் கோதுமை மா சேர்ப்பது வழக்கம். பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பலதில் கோதுமை மா என்று எழுதியிருக்கும். சோயா சோஸ், சோயாமீட், கடை வடை எல்லாவற்றையும் விசாரியுங்கள். ரொட்டிக்கல் முடிந்தால் தனியாக வையுங்கள். முடியாவிட்டால் உங்களுடையதை முதலில் சுட்டு எடுத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குச் சுடுங்கள். "ஒரு துண்டு தின்னா என்ன ஆகும்" என்று வீட்டார் வற்புறுத்துவார்கள். சீலியாக்கில் அந்த ஒரு துண்டும் குடலைப் புண்ணாக்கும், உங்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

ரெண்டும் ஒரே ஆளுக்கு வருமா? குளூட்டனை விட்டு ஆறு மாசமாச்சு, இன்னும் சுகமில்ல.

வரலாம். சீலியாக் உள்ள ஒருவருக்கு அன்டிபயோடிக்காலோ, ஸ்டீரொயிட்டாலோ, சீனி வருத்தத்தாலோ பங்கஸ் தனியாக வரும். முதல் வகை சீனி வருத்தமும் சீலியாக்கும் ஒருவரிலேயே சேர்ந்து வருவது மற்றவர்களை விட அதிகம் என்பதால் இது நடக்கக்கூடியதே. கேன்டிடாவின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம் குளூட்டனின் ஒரு பகுதியைப் போல இருப்பதால், அதுவே சீலியாக்கைத் தூண்டுமோ என்று 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கேட்டார்கள். அது இன்னும் கருதுகோள்தான், அதை வைத்து மருந்து எடுக்க முடியாது.

ஆறு மாதம் ஆகியும் சுகமில்லை என்றால் முதல் சந்தேகம் பங்கஸ் மேல் வர வேண்டாம். மேலே சொன்ன ஒளிந்திருக்கும் கோதுமைதான் பெரும்பாலும் காரணம். ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம், மலையில் கூட்டாளி கொடுத்த வடைத் துண்டையும் சேர்த்து, ஒரு கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள். அடுத்தது பால். புண்ணான குடல் ஆறும் வரை லக்டோஸ் செரிக்காது, சில மாதம் மாப்பாலை விட்டுப் பார்க்கலாம். டி.டி.ஜி.யைத் திரும்ப எடுத்து, முன்னதை விட இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்க ஆறு மாதம், ஒரு வருடம் கூட எடுக்கும், குடல் முழுக்க ஆற அதற்கு மேலும் எடுக்கும். ஆனால் நிறை தொடர்ந்து குறைந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், இரவில் நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம் வந்தாலும், விழுங்கும்போது வலித்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு.